கடத்தல் படகைப் பிடிக்க கூட்டு, மீன் படகுக்கு துப்பாக்கிச்சூடு: கொழும்பு பாதுகாப்பு மாநாடு காரைக்கால் கரைக்கு ஏன் எட்டவில்லை?

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் அரபிக் கடலில் இலங்கைக் கொடியுடன் போன இரண்டு மீன்பிடிப் படகுகளை இந்தியக் கடற்படை மடக்கியது. உள்ளே சுமார் 500 கிலோ போதைப்பொருள். இந்தப் படகுகள் வருகின்றன என்று துப்பு கொடுத்தது யார் தெரியுமா? இலங்கைக் கடற்படை. படகு, ஆட்கள், சரக்கு எல்லாமே பிறகு இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

சுமார் இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரி 28 அதிகாலை. காரைக்காலில் இருந்து போன ஒரு விசைப்படகை நெடுந்தீவு அருகே அதே இலங்கைக் கடற்படை சுற்றி வளைத்தது. அப்போது துப்பாக்கி வெடித்தது. படகில் இருந்த 13 மீனவர்களில் இரண்டு பேருக்கு பலத்த காயம், மூன்று பேருக்கு லேசான காயம். காயம்பட்டவர்கள் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். டெல்லியில் இலங்கையின் பொறுப்பு தூதரை வெளியுறவு அமைச்சகம் அழைத்து கடும் எதிர்ப்பு தெரிவித்தது. மீனவர்கள் துப்பாக்கியைப் பறிக்க முயன்றபோது தவறுதலாக வெடித்துவிட்டது என்பது இலங்கைக் கடற்படையின் விளக்கம்.

ஒரே கடற்படை. சுமார் இரண்டு மாத இடைவெளியில் ஒரு இடத்தில் கூட்டாளி, இன்னொரு இடத்தில் எதிராளி. எப்படி? அண்டை நாடுகள் சேர்ந்து பாதுகாப்பு பேசும்போது எது மேஜைக்கு வருகிறது, எது வருவதில்லை என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

*அது என்ன கொழும்பு பாதுகாப்பு மாநாடு?*

பெயரில்தான் மாநாடு. உண்மையில் இது நிரந்தர அமைப்பு. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர்கள் கூடிப் பேசும் இடம். இந்தியா சார்பில் அஜித் தோவல்.

2011-ல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என மூன்று நாடுகளோடு தொடங்கியது. 2014 வரை மூன்று கூட்டங்கள் நடந்தன. அதன்பிறகு ஆறு ஆண்டுக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. 2020 நவம்பரில் கொழும்பில் மறுபடி உயிர் கொடுத்து, இப்போதைய பெயரையும் வைத்தார்கள். 2022-ல் மொரிஷியஸும், 2024-ல் வங்கதேசமும் உள்ளே வந்தன. 2025 நவம்பர் 20-ல் டெல்லியில் நடந்த ஏழாவது கூட்டத்தில், இதுவரை பார்வையாளராக இருந்த செஷல்ஸும் முழு உறுப்பினர் ஆவதாக அறிவித்தது. மலேசியா விருந்தினராக வந்தது.

மொரிஷியஸ் என்றதும் எங்கோ இருக்கும் தீவு என்று காரைக்கால்காரர்கள் நினைக்க மாட்டார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், 1810 வரை அந்தத் தீவும் அவர்களிடம்தான் இருந்தது. இந்தக் கரையில் இருந்து கூலி வேலைக்குக் கப்பல் ஏறியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது அதனால்தான்.

அமைப்பின் வேலை ஐந்து தலைப்புகளில்: கடல் பாதுகாப்பு, பயங்கரவாதமும் தீவிரவாத மனப்போக்கும், ஆள் கடத்தலும் எல்லை தாண்டிய குற்றங்களும், சைபர் பாதுகாப்பு, பேரிடர் உதவி. இந்த ஐந்தையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். மீனவர் என்ற சொல் எந்தத் தலைப்பிலும் இல்லை.

*நெடுங்காட்டில் இருப்பவருக்கு இதில் என்ன?*

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு கொம்யூன் உள்நாட்டுப் பகுதி. வயல்தான் அங்கே பெரிது, கடல் இல்லை. நெடுந்தீவுக்கும் நெடுங்காட்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை என்று ஒருவர் சொன்னால் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் ஒப்பந்தம் என்றால் என்ன, அது கடைசி ஆள் வரை வந்து சேருவது என்றால் என்ன என்பது நெடுங்காட்டு விவசாயிக்குத் தெரிந்த அளவு டெல்லியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். காரைக்கால் காவிரியின் கடைமடை. நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று 2007-லேயே எழுதியாகிவிட்டது. 2018-ல் மேலாண்மை ஆணையமும் வந்தது, அதில் புதுச்சேரிக்கும் நாற்காலி உண்டு. ஆனாலும் ஒவ்வொரு சாகுபடிக்கும் முதல் கேள்வி, தண்ணி இங்க வருமா என்பதுதான். மேலே மடை திறப்பது ஒன்று, கீழே வாய்க்கால் நனைவது இன்னொன்று.

அண்டை நாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். தலைநகரங்களில் கையெழுத்தாகின்றன. கடைமடை என்பது கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இருந்து கடலுக்குப் போகிற படகு. அந்தப் படகு வரை அது ஏன் வந்து சேருவதில்லை என்பதற்குக் காரணங்கள் பல. சிலதை இங்கே பார்க்கலாம்.

*ஆட்சி மாறினால் நாற்காலி காலி*

முதல் சிக்கல் தேர்தல். இது ஜனநாயகத்துக்கு எதிரான புகார் இல்லை, நடப்பைச் சொல்கிறோம்.

2014-ல் மகிந்த ராஜபக்ச ஆட்சியில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. மாலத்தீவில் அப்துல்லா யாமீன் ஆட்சியில் டெல்லியோடு உறவு கசந்தது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி மாலே பயணத்தையே ரத்து செய்தார். மூன்று பேர் மேஜையில் இரண்டு பேரோடு மனஸ்தாபம் என்றால் கூட்டம் எங்கே நடக்கும்? அந்த ஆறு வருட இடைவெளியின் கதை பெரும்பாலும் இதுதான்.

2023-ல் மறுபடி. 'இந்தியாவே வெளியேறு' பிரசாரத்தின் துணையோடு முகமது முய்சு மாலத்தீவு அதிபரானார். நவம்பரில் பதவியேற்றதும் முதல் வேலையாக, அங்கிருந்த இந்திய ராணுவத்தினரைத் திரும்பப் பெறச் சொன்னார். அவர்கள் எண்ணிக்கை சுமார் 80. அவர்கள் இயக்கியது இரண்டு ஹெலிகாப்டரும் ஒரு டோர்னியர் விமானமும். தீவுகளில் இருந்து நோயாளிகளைத் தூக்கிவருவதுதான் அவற்றின் முக்கிய வேலை. 2024 மே 10-க்குள் ராணுவத்தினர் திரும்பினர், அவர்கள் இடத்துக்கு சிவிலியன் தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். இதற்கு நடுவில் 2023 டிசம்பரில் மொரிஷியஸில் நடந்த ஆறாவது கூட்டத்துக்கு மாலத்தீவு வரவே இல்லை.

அப்புறம் காற்று திரும்பியது. 2024 ஆகஸ்ட் 30-ல் கொழும்பில் அமைப்பின் சாசனம் கையெழுத்தானபோது மாலத்தீவும் கையெழுத்துப் போட்டது. 2025 ஜூலையில் மாலத்தீவின் 60-வது சுதந்திர தின விழாவுக்கு மோடியே சிறப்பு விருந்தினர்.

ஆனால் அதே ஆகஸ்ட் 30-ல் இன்னொரு நாற்காலி காலி. வங்கதேசத்தில் ஆகஸ்ட் 5-ல்தான் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவர் இந்தியாவுக்கு வந்திருந்தார். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரிஷியஸ் என நான்கு நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டன. அப்போதுதான் உறுப்பினராகியிருந்த வங்கதேசம் அதில் இல்லை.

2025 நவம்பர் டெல்லி கூட்டம் இன்னும் சங்கடமானது. நவம்பர் 17-ல் ஹசீனாவுக்கு டாக்கா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவரை ஒப்படையுங்கள் என்று வங்கதேசம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது நாள், வங்கதேசத்தின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் கலீலுர் ரஹ்மான் டெல்லியில் தோவலோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருவகையில் பார்த்தால் இது அமைப்பின் பலம். பேசிக்கொள்ள முடியாத நேரத்திலும் வந்து உட்கார ஒரு இடம் இருக்கிறது. ஆனால் எரிகிற விஷயத்தை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

*தகவல் கொடுத்தா போதுமா?*

இரண்டாவது சிக்கல்தான் இந்த எல்லாவற்றிலும் பாடமாக எடுக்க வேண்டியது என்று நினைக்கிறோம். பாதுகாப்பு ஒத்துழைப்பு என்றாலே எல்லா அறிக்கையிலும் வரும் முதல் வார்த்தை தகவல் பகிர்வு. தகவல் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதை எந்த அறிக்கையும் பேசாது.

2019 ஏப்ரல் 4. இலங்கையில் தேவாலயங்களைக் குறிவைத்து தற்கொலைத் தாக்குதல் நடக்கலாம் என்று இந்திய உளவுத்துறையிடம் இருந்து கொழும்புக்கு எச்சரிக்கை போனது. பிறகும் தகவல்கள் போயின. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என மூன்று இடங்களில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. கொழும்பின் மூன்று சொகுசு ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

தகவல் வந்தும் ஏன் தடுக்கவில்லை? அப்போது அதிபர் மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத நிலை. 2018 அக்டோபரில் ரணிலை சிறிசேன பதவிநீக்கம் செய்ய முயன்றதில் இருந்தே அப்படி. பாதுகாப்பு கவுன்சில் கூட்டங்களுக்கு பிரதமரைக் கூப்பிடுவதே இல்லை. எச்சரிக்கை அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி, கோப்பில் தங்கிவிட்டது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆக, இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த கம்பி சரியாகத்தான் வேலை செய்தது. அறுந்தது ஒரு நாட்டுக்குள்ளேயே இருந்த கம்பி. பல நாடுகள் சேரும்போது இந்த ஆபத்து ஆறால் பெருகுகிறது.

கடலில் ஆபத்து என்று வரும்போது மட்டும் கம்பி நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் கச்சா எண்ணெயோடு இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பிடித்த 'நியூ டைமண்ட்' கப்பலையும், 2021 மே மாதம் கொழும்பு அருகே எரிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலையும் அணைக்க இந்தியக் கடலோரக் காவல்படையும் இலங்கையும் சேர்ந்தே வேலை செய்தன. கடலோரக் காவல்படைகளின் 'தோஸ்தி' கூட்டுப் பயிற்சி 1991-ல் இருந்து நடக்கிறது, இலங்கை 2012-ல் சேர்ந்தது. தீ யாருக்கும் கட்சி சார்ந்தது இல்லை, அதுதான் காரணம்.

*சீனக் கப்பல் வந்தால் யார் விதி?*

அச்சுறுத்தல் எது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லாதது அடுத்த சிக்கல். 2022 ஆகஸ்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. அது உளவுக் கப்பல் என்பது இந்தியாவின் பார்வை, ஆய்வுக் கப்பல் என்பது சீனாவின் பதில். அம்பாந்தோட்டை துறைமுகமோ 2017-ல் இருந்து 99 வருட குத்தகையில் சீன நிறுவனத்திடம். கடன் கொடுத்தவனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டிய நிலை கொழும்புக்கு.

2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்று இலங்கை அறிவித்தது. உடனே என்ன நடந்தது? பிப்ரவரியில் 'ஷியாங் யாங் ஹோங் 03' என்ற சீன ஆய்வுக் கப்பல் மாலே போய் நின்றது. ஒரு உறுப்பு நாடு கதவை மூடியது, அடுத்த உறுப்பு நாடு திறந்தது. இரண்டுமே அந்தந்த நாட்டின் உரிமை. பொது விதி என்று ஒன்று கிடையாது.

சின்ன நாடுகளின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். செஷல்ஸ் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அதாவது காரைக்கால் மாவட்டத்தைவிடக் குறைவு. அவர்களுக்கு ரோந்துக் கப்பலும் ராடாரும் தருவது இந்தியா. தருகிறவரே தலைவராகவும் இருந்தால், இது கூட்டணியா இல்லை பாதுகாவலா என்ற கேள்வி அவர்கள் ஊர் எதிர்க்கட்சி வாயில் கட்டாயம் வரும்.

இதற்கு முன் இருந்த அமைப்புகளின் கதி என்ன என்று கேட்கலாம். 1985-ல் தொடங்கிய சார்க் சாசனத்திலேயே, இருதரப்புச் சண்டைகளை இங்கே பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அப்படியும் 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவில்லை. 1997-ல் பிறந்த பிம்ஸ்டெக்கில் பயங்கரவாதத் தடுப்பு உடன்படிக்கை 2009-ல் கையெழுத்தாகி 2021-ல்தான் அமலுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம்!

*சரி, மீனவர் பிரச்சனை?*

இங்கேதான் காரைக்காலுக்கு வலி. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லைக் கோடு போட்டன. பரம்பரையாகப் போன இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அதன்பிறகு நடப்பது எல்லாம் டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவே உள்ள இருதரப்பு விஷயம். 2008 அக்டோபரில் இந்திய மீன்படகுகள் மீது சுடுவதில்லை என்று இரு நாடுகளும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. 2016-ல் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள், அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபர் 29-ல் கொழும்பில் நடந்தது. மூன்றே மாதத்தில் ஜனவரி 28.

2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. இழப்பு இந்தப் பக்கம் மட்டும் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் காங்கேசன்துறை அருகே இந்திய விசைப்படகைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் 1-ல் ராமேஸ்வரம் படகு கடற்படைப் படகோடு மோதி ஒரு மீனவர் இறந்தார்.

நம் சேனல்களில், நாங்கள் உட்பட, அதிகம் சொல்லாத ஒன்று: வலை விரிக்கும் அந்தப் பக்கத்து ஆளும் தமிழர்தான். போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவர்களின் புகார், விசைப்படகின் இழுவை மடி கடல் அடியை வழித்து எடுத்துக்கொண்டு போகிறது என்பது. இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்தது. இந்தப் பக்கம் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய படகு, கோட்டுக்குள் நின்றால் டீசல் காசுகூட வராது. இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு.

இது போதைப்பொருள் மாதிரி வெளி ஆள் செய்கிற குற்றம் இல்லை. வெளி ஆளைப் பிடிப்பதில் இரண்டு நாடுகளுக்கும் நஷ்டமில்லை, அதனால் கை கோர்க்கிறார்கள். இங்கே விட்டுக்கொடுத்தால் யாரோ ஒரு பக்கத்துக் குடும்பம் பட்டினி, யாரோ ஒரு கட்சிக்கு ஓட்டு போகும். கொழும்பு மாநாடு வளர்கிறது என்றால், இந்த மாதிரி விஷயத்தைத் தொடாமல் இருப்பதால்தான் வளர்கிறது.

காரைக்காலுக்கு மட்டும் ஒரு கூடுதல் சுற்று உண்டு. பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர் கைதானால் சென்னை அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். காரைக்கால்காரர் கைதானால் புதுச்சேரி அரசு எழுத வேண்டும். ஒரே படகில் இரண்டு நிர்வாகத்து ஆட்களும் போவது இங்கே சகஜம். டெல்லி பேசுவதற்கு முன்பே, ஒரு படகுக்கு இரண்டு மனு.

*வேறு எங்காவது முடிந்திருக்கிறதா?*

மலாக்கா நீரிணையைப் பாருங்கள். கடற்கொள்ளை அதிகமாகி, 2005-ல் லண்டன் காப்பீட்டுச் சந்தை அந்த வழியைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. அங்கே இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-லேயே ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கியிருந்தன. அடுத்து வான்வழிக் கண்காணிப்பும் வந்தது. அவரவர் கடலில் அவரவர் கப்பல், ஆனால் தகவல் உடனுக்குடன். 2006 ஆகஸ்டில் மலாக்கா அந்தப் பட்டியலில் இருந்து நீங்கியது. 2008-ல் தாய்லாந்தும் சேர்ந்தது.

சுவாரஸ்யம் என்னவென்றால், அப்போது சிங்கப்பூரும் மலேசியாவும் நல்ல நண்பர்களாக இல்லை. பெட்ரா பிராங்கா என்ற குட்டித் தீவு யாருக்கு என்று சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2008-ல் தீர்ப்பு சிங்கப்பூருக்குச் சாதகமாக வந்தது. சண்டைக்குத் தனியாக ஒரு இடம் இருந்ததால், ரோந்துக்குத் தனியாக ஒரு இடம் கிடைத்தது.

நம் கடலில் ரோந்துக்கு இடம் வந்துவிட்டது. கொழும்பில் இந்திய உதவியோடு கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜூனில் திறந்தாகிவிட்டது. 2025 ஏப்ரலில் இந்தியா - இலங்கை பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. மீனவர் சண்டைக்கான இடம்தான் இன்னும் அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு அளவிலேயே நிற்கிறது.

இரு நாட்டு மீனவர்களே நேரில் பேசிய தருணங்களும் உண்டு. 2014 ஜனவரியில் சென்னையிலும், மே மாதம் கொழும்பிலும் சந்தித்தார்கள். இழுவை மடியை உடனே நிறுத்துங்கள் என்றார்கள் வடக்கு மீனவர்கள். படிப்படியாக விட மூன்று வருடம் அவகாசம் கொடுங்கள் என்றார்கள் இங்கிருந்து போனவர்கள். முடிவு எட்டப்படவில்லை. அன்று கேட்ட அவகாசத்தைக் கொடுத்திருந்தால் அது 2017-லேயே முடிந்திருக்கும்.